நானூற்றுப் பத்தில் நின்ற கேசட்

மூன்று வருடங்களுக்கு முன், 1986-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நடந்தது இது. கோலா சிலாங்கூர் வட்டாரத்தில், அசாம் ஜாவாவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குக் கொஞ்சமும் வராத வேலை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டு வானொலி கரகரத்தாலும் திருகாணியைக் கழற்றிப் பார்ப்பேன். யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்லி, கேட்காமலேயே பதிலும் எழுதிக் கொடுப்பேன். "இவ கைபட்டா எதுவும் இருந்தபடி இருக்காது" என்று அம்மா சொல்வார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் அக்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. பாலுக்காகப் பட்டை சீவிப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள், பாதி நிரையில் கத்தியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த மருத்துவ உதவியாளர், டிரெஸர், ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று வேனில் ஏற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அன்று மதியமே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, ஒரு கிலோ இருநூறு கிராம். மூன்றாம் நாள் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளையை அனுப்பவில்லை. அது தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

முதல் பிரசவம் என்பதால் அக்கா எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. ஆகவே தினமும் இரண்டு பஸ் மாறி, பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் அக்காவின் பாலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலை எனக்கு வந்தது.

உள்ளே போக அனுமதி இல்லை. பாலைக் கொடுத்துவிட்டு, பார்வையாளர் நேரத்தில் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஜன்னலிலிருந்து இரண்டாவது பெட்டி நம்முடையது. தோல் உரித்த அணில் மாதிரி ஒரு சிவப்பு உருவம், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒட்டிய கம்பிகள். திடீரென்று கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். சில சமயம் தூக்கத்திலேயே மூச்சு விட மறந்துவிடும். உடனே மணி அடிக்கும். யாராவது ஒரு தாதி வந்து உள்ளங்காலைச் சுண்டுவார். மறுபடி நெஞ்சு எழும். முதல்முறை அதைப் பார்த்தபோது, நானே எவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனால் அம்மாவின் விசாரணை காத்திருக்கும். "கால்ல சீட்டு கட்டியிருந்துச்சா? பேர படிச்சியா? நம்ம பிள்ளைதானா, நல்லா பாத்தியா?" ஆஸ்பத்திரியில் பிள்ளையை மாற்றிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாலை வாங்கிக் கொட்டிவிட்டு மாவுப்பால் கொடுப்பார்கள் என்று இன்னொருத்தி சொல்லியிருந்தாள். படித்தவள் நான், சிரிப்பேன். ஆனால் மறுநாள் ஜன்னலில் நெற்றியை அழுத்திக் காலில் இருக்கும் சீட்டைப் படிக்காமல் திரும்ப மாட்டேன். பால் புட்டி எந்தக் கதவுக்குள் போகிறது என்றும் பார்த்துவைப்பேன். சந்தேகம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு. நான் மட்டும் அதற்கு அறிவு என்று பெயர் வைத்திருந்தேன்.

அப்படிப் போய்வந்த ஒரு நாள், எப்போதோ பள்ளி நூலகத்தில் ஓர் ஆங்கில இதழில் படித்தது நினைவுக்கு வந்தது. குறைமாதப் பிள்ளைகளுக்குத் தாயின் குரலையோ மெல்லிய சத்தத்தையோ கேட்க வைத்தால் அமைதியாகும் என்று அதில் எழுதியிருந்தது. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவிடம் ஒரு சின்ன கேசட் ரெக்கார்டர் இருந்தது. அதைக் கேட்டு வாங்கினேன். அறுபது நிமிடப் புதுக் கேசட் ஒன்றும் வாங்கினேன். அன்று மாலையே அக்காவின் முன்னால் நாற்காலி போட்டு அதை வைத்துவிட்டேன்.

"என்னாடி பாடுறது?" என்றாள் அக்கா.

"எதாச்சும் பாடுக்கா. தாலாட்டு பாடு."

"நான் எந்த காலத்துல பாடியிருக்கேன்? எனக்கு தெரிஞ்சது காட்டு சத்தம்தான்."

அந்தக் காட்டுச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியாத இருட்டில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போகிறவர்கள், பக்கத்து நிரையில் இருப்பவளுக்குத் தாம் இருக்கும் இடம் தெரிவதற்காக ஆளுக்கொரு சத்தம் வைத்திருப்பார்கள். ஒருத்தி செருமிக்கொண்டே போவாள். ஒருத்தி வீட்டில் இருக்கும் புருஷனைத் திட்டிக்கொண்டே போவாள். அக்காவினுடையது மூக்கால் வரும் ஒரு 'ம்ம்ம்'. மரத்துக்கு மரம் நடக்கும்போது நீளும். பட்டையில் கத்தி வைத்ததும் நின்றுவிடும். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பிக்கும். பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது.

அன்றைக்கும் அவள் அதைத்தான் செய்தாள். காதில் பஞ்சு, தலையில் துணிக்கட்டு, வயிற்றில் இறுக்கிய சேலை. அந்தக் கோலத்திலேயே அறைக்குள் சுவருக்குச் சுவர் மெல்ல நடந்துகொண்டு, அரைமணி நேரம் 'ம்ம்ம்' என்று முணுமுணுத்தாள். கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் நிரம்பியது.

அவள் படுத்த பிறகு சமையலறையில் வைத்துப் போட்டுக் கேட்டேன். எனக்குச் சப்பென்று போய்விட்டது. கொசு சுற்றுவது மாதிரி இருந்தது. இடையிடையே நின்று போய், ரெக்கார்டர் கெட்டுவிட்டதோ என்று நினைக்க வைத்தது. இதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்தால், தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு தாலாட்டுக்கூடத் தெரியாதா என்று சிரிப்பார்களே என்று வெட்கமாக இருந்தது. நானோ பள்ளிப் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்றவள், மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கியவள். கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றிவைத்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி, அக்காவின் குரல்மேல் நான் பாடினேன். எனக்குத் தெரிந்த இரண்டு தாலாட்டுகளையும் மாற்றி மாற்றி, ஏற்ற இறக்கத்தோடு, தொண்டை வறண்டு போகும் வரை பாடிவிட்டு நிறுத்தினேன். அழிக்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை. திருத்துகிறோம் என்றுதான் நினைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் பிரிவின் தலைமைத் தாதியிடம் ரெக்கார்டரை நீட்டினேன். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழர்தான். ஐம்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார். யார் என்ன சொன்னாலும் பாதியை மட்டுமே நம்புகிறவர்போல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பார். நான் அந்த இதழைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்கியதை அப்படித்தான் கேட்டார். பிறகு ரெக்கார்டரைத் திருப்பி, பேட்டரி மூடியைத் திறந்தார். உள்ளிருந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்று விழுந்தது.

"இது என்னா, எக்ஸ்ட்ரா பேட்டரியா?" என்று பிரித்துப் பார்த்தார். திருநீறு. எனக்குத் தெரியாமல் அம்மா வைத்திருக்கிறார்! எனக்கு முகம் எரிந்தது.

"எனக்கு தெரியாது சிஸ்டர், சத்தியமா."

"எல்லாரும் அப்படித்தான்லா சொல்றாங்க. போன வாரம் ஒரு ஆளு நாப்கின்ல எலுமிச்சம்பழம் வச்சி அனுப்புனாரு. உள்ள இருக்கறது எலிக்குஞ்சு மாதிரி பிள்ளைங்க. ஒரு தூசி போனா போச்சி. புரியுதா?" பொட்டலத்தை மடித்து என் கையிலேயே வைத்தார். ரெக்கார்டரை மட்டும் வாங்கிக்கொண்டு, டாக்டரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

டாக்டர் சம்மதித்துவிட்டார். பால் கொடுத்த பிறகு, குறைந்த சத்தத்தில், கொஞ்ச நேரம் மட்டும் போடலாம் என்று மறுநாள் சொன்னார்கள். ரெக்கார்டரைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெட்டிக்கு வெளியே மேசைமேல் வைத்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்த சிஸ்டர் என் முன்னால் தலையாட்டிவிட்டு, நான் போனதும் மூலையில் வைத்துவிடுவாரோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. திருநீற்றுக் கோபம் அவருக்கு இருக்காதா? அதனால் ஒரு வேலை செய்தேன். பேட்டரி மாற்ற வேண்டும் என்று ரெக்கார்டரை வெளியே வாங்கி, கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி, நாடா ஓடும் அளவைக் காட்டும் எண்களை மூன்று சைபருக்கு வைத்துக் கொடுத்தேன். தினமும் பேட்டரியைச் சாக்காக வைத்து வெளியே வாங்கி எண்ணைப் பார்த்துவிடலாம். ஒழுங்காகப் போட்டால் எண் நகரும். போடாவிட்டால் சைபரிலேயே நிற்கும். யாரும் என்னை ஏமாற்ற முடியாது.

மறுநாள் எண் நானூற்றுப் பத்தில் நின்றது. ஒரு பக்கமே நானூற்று ஐம்பதில் முடிந்துவிடும். பரவாயில்லை, நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, மறுபடி ஆரம்பத்துக்குச் சுற்றிக் கொடுத்தேன். அடுத்த நாளும் நானூற்றுப் பத்து. இது எப்படி? இந்த முறை நான் சுற்றவில்லை, அப்படியே விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாளும் நானூற்றுப் பத்து!

எனக்குள் இருந்த போலீஸ்காரி விழித்துக்கொண்டாள். கேசட் நகரவே இல்லை. அப்படியானால் முதல் இரண்டு நாளும் எனக்குக் கணக்குக் காட்ட வேகமாகச் சுற்றிவிட்டு வைத்திருக்கிறார்கள். பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போனது. அப்படியென்றால் வேறு கேசட் போட்டுத் தாதிகள் பாட்டுக் கேட்கிறார்களா? அங்கிருந்த இளம் மலாய்த் தாதியிடம் கேட்டேன். "பாகுஸ், பாகுஸ்", நன்றாக இருக்கிறது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்கும்போதெல்லாம் அவள் சிஸ்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

வீட்டில் அக்கா தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள். "என் சத்தத்த போட்டாங்களா? கேட்டானா?"

"கேட்டான்க்கா. நல்லா தூங்குறானாம்."

அவள் முகம் மலரும். நான் சொன்னதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்த உண்மை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பொய் சொல்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்றுதான் நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையின் எடை கூடவில்லை. அந்த வாரம் இரண்டு முறை மூச்சை மறந்தது என்று பெட்டியில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்ததை ஜன்னல் வழியாகவே படித்துவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கப் புகார் எழுதினேன். நாடா எண்களை வரிசையாகக் குறிப்பிட்டு, 'தாயின் குரலை மறுப்பது மனிதாபிமானமற்ற செயல்' என்றெல்லாம் போட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல ஆங்கிலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நேரே அலுவலகத்தில் கொடுத்திருக்கலாம். ஆனால் முதலில் சிஸ்டரின் முகம் மாறுவதைப் பார்க்க ஆசை.

"நீங்க கேசட்ட போடறதே இல்ல, சிஸ்டர். எனக்கு தெரியும். மூணு நாளா நம்பர் நகரல."

அவர் கோபப்படவில்லை. கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "நீ நம்பர் பாக்கறது எனக்கும் தெரியும் பொண்ணு. உங்கம்மா திருநீற ஒளிச்சி வச்சாங்க, நீ கண்ண ஒளிச்சி வச்சிருக்கே. வா."

கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பச்சை அங்கியை மாட்டிவிட்டார். முதல்முறையாக நான் அந்த அறைக்குள் போனேன். உள்ளே வெக்கை. இயந்திரங்களின் இரைச்சல் வெளியே கேட்டதைவிட அதிகம். பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வேளையும் கேசட் போட்டபோது என்ன நடந்தது என்று ஒவ்வொரு தாதியும் அவரவர் கையெழுத்தில் குறித்திருந்தார்கள். முதல் நாள்: 'பாட்டு தொடங்கியதும் கைகால் உதறல், நிறம் மாறியது, நிறுத்தினோம்.' மாலை: 'சத்தம் குறைத்தும் அதே. நிறுத்தினோம்.' அடுத்த நாள் காலை: 'மேசையைத் தள்ளிவைத்தோம். உதறல்.'

"எந்த பாட்டுல?" என்று கேட்டேன்.

"உன் பாட்டுலதான். உன் குரல்தானே அது? எடுத்த எடுப்பிலே மேலே போவுதே, ஸ்கூல் மேடை மாதிரி. இவனுக்கு அது தாங்கல. சின்ன தட்டு கீழே விழுந்தாலே இவனுக்கு மூச்சு நிக்குது."

பிறகு நடந்ததை அவர் சொன்னார். அந்த இரண்டாம் நாள் காலையில், கேசட்டை நிறுத்தப் போன நேரத்தில் அடுத்த பெட்டிப் பிள்ளைக்கு மணி அடித்திருக்கிறது. சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு எல்லாரும் அங்கே ஓடியிருக்கிறார்கள். கேசட் கிட்டத்தட்ட அரைமணி நேரம் அதன் பாட்டுக்கு ஓடியிருக்கிறது. திரும்பி வந்தபோது என் பாட்டு முடிந்துபோய், வேறு ஏதோ ஒரு சத்தம் மெல்ல வந்துகொண்டிருந்ததாம். பிள்ளை கையை விரித்துக்கொண்டு தூங்கியிருக்கிறான்.

"அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் வேகமா சுத்தி, அந்த இடத்துக்கு போயி, அத மட்டும்தான் போடறோம். போட்டுட்டு மறுபடி அந்த இடத்துக்கே கொண்டாந்து நிறுத்தறோம். அதான் உன் நானூத்தி பத்து."

ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினார். என் பாட்டின் கடைசி எழுத்துக்குப் பின் ஒரு சின்ன 'டொக்'. பிறகு அக்கா. 'ம்ம்ம்…' நின்றது. மறுபடி 'ம்ம்ம்…' பெட்டிக்குள், என் கட்டைவிரல் அளவு இருந்த இரண்டு முஷ்டிகளும் இறுகியிருந்தன. அவை உடனே ஒன்றும் திறந்துவிடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாவது நான்காவது 'ம்ம்ம்'-இல் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இடையில் அக்கா நிறுத்தும்போதெல்லாம் அவனும் காத்திருப்பதுபோல அசையாமல் கிடந்தான். பயந்துபோய் நெஞ்சைப் பார்த்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு மாதம் காட்டில் அந்த நிறுத்தத்தையும் கேட்டவன் அவன்.

"யாரு இது?" என்றார் சிஸ்டர்.

"எங்க அக்கா. பிள்ளையோட அம்மா."

"அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு மூணு நிமிஷம்தான் இருக்கு இது. போட்டு போட்டு நாடா அந்த இடத்துல நைஞ்சி போச்சி. இன்னிக்கோ நாளைக்கோ அறுந்துடும். மிச்சத்த கொண்டாந்து குடு."

மிச்சம் இல்லை என்று எப்படிச் சொல்வது? மிச்சத்தின்மேல்தான் நான் பாடியிருக்கிறேன். ஆனாலும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, அக்காவ கேட்டு மறுபடி எடு" என்றுவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் அவருடைய பென்சில் எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'சித்திக்கு எப்படிச் சொல்வது? பாவம், ஆசையாகப் பாடியிருக்கிறாள்.' அந்த மலாய்த் தாதியின் சிரிப்பு எதை மறைத்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பஸ்ஸில் அந்த மூன்று பக்கத்தையும் கிழித்தேன். இரண்டாவது பஸ் தோட்டத்துச் சாலையில் இறக்கிவிட்டபோது மழை தூறியது. வீடுவரை என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். அக்காவின் அறைக்குள் நுழைந்ததும் ஒத்திகை எல்லாம் மறந்துபோனது. சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். உன் குரலை அழித்தேன், என் பாட்டுக்கு அவனுக்குக் கைகால் உதறியது, தப்பிப்போன இரண்டு நிமிடத்தில்தான் அவன் தூங்குகிறான், இத்தனை நாள் உன்னிடம் பொய் சொன்னேன்.

"அந்த சத்தத்துக்கா தூங்குறான்?" என்றாள் அக்கா. அதைத்தான் முதலில் கேட்டாள். நம்ப முடியாதவள்போல இன்னொரு முறையும் கேட்டாள். "நீ பாடுனா நல்லா இருந்திருக்கும்னு அன்னிக்கு நானேதான் நெனச்சேன். கேக்க வெக்கமா இருந்துச்சி." என் தவறை அவளே பாதி வாங்கிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது.

உடனே மறுபடி பதிவு செய்யலாம் என்று ரெக்கார்டருக்கு ஓடினேன். மாமாவினுடையது ஆஸ்பத்திரியில் இருந்ததால் பக்கத்து வீட்டில் இருந்த, கேசட்டில் பதிவு செய்யும் பெரிய ரேடியோவைத் தூக்கி வந்தேன். அக்கா நடந்து பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். முடியவில்லை. மூன்று 'ம்ம்ம்'-க்குள் அது அழுகையாக மாறியது. அதைக் கேட்டாலே பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். "இந்த பெட்டிய பாத்தாலே வரமாட்டேங்குதுடி" என்று பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. என்னைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"அந்த ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொல்றது உண்மதானா? முக்குற சத்தத்துக்கு ஒரு பிள்ள தூங்குமா?"

"என் கண்ணால பாத்தேன்மா."

"உன் கண்ண யாரு நம்புறது, இதுக்கு மேலே?"

அம்மா கொஞ்ச நேரம் அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள்தான். வாசல் பக்கம் காற்று வந்தால்கூடக் கதவைச் சாத்துகிறவர், "நாளைக்கு காலையில கெளம்பு. நானும் வரேன். நானே நேருல பாக்கணும்" என்றார். சட்டத்தை மீறியது பாசத்தால் என்று சொன்னால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். சந்தேகம், அவ்வளவுதான்.

தோட்டத்துக் கடை வைத்திருந்த முஸ்லிம் பாய் காலையில் சரக்கு வாங்கப் பட்டணத்துக்கு வேன் எடுப்பார். அம்மா போய்ச் சொன்னதும் அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் சாக்குகளை மடித்துப் பின்னால் மெத்தைபோல விரித்துவிட்டார். அக்கா காதுப் பஞ்சோடும் தலைக்கட்டோடும் அதில் சாய்ந்துகொண்டாள். பள்ளம் மேடு வரும்போதெல்லாம் பாய் முன்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று வேனுக்கே சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

சிஸ்டர் அக்காவின் தலைக்கட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "வேற ஒன்னும் கொண்டாரலயே?" என்று மட்டும் கேட்டார். அம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். சிஸ்டர் அக்காவை மட்டும் உள்ளே கூட்டிப்போனார். நானும் அம்மாவும் பழைய இடத்தில், ஜன்னலுக்கு வெளியே நின்றோம்.

அக்கா பெட்டியின் வட்ட ஓட்டைக்குள் கையை விட்டாள். தொடப் பயந்து, பிள்ளையின் காலுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் தோள்கள் குலுங்கின. சிஸ்டர் அவள் பக்கத்தில் நிற்காமல் தள்ளிப்போய், முதுகைத் திருப்பிக்கொண்டு ஏதோ எழுதத் தொடங்கினார். அது நல்லதாகப் போயிற்று. அக்கா நிமிர்ந்தாள். நின்ற இடத்திலேயே, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு, நடப்பதுபோல அசையத் தொடங்கினாள்.

"பாடுறாளா?" என்றார் அம்மா.

"பாடுறாம்மா."

"உனக்கு கேக்குதா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி சொல்றே?"

கண்ணாடி தடிமன். எங்களுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அக்காவின் வாய் மூடியே இருந்தது. நான் பிள்ளையின் கையைக் காட்டினேன். அம்மா கண்ணாடியில் மூச்சுப் படப் படத் துடைத்துக்கொண்டே பார்த்தார். அந்த விரல்கள் தளர்ந்து, அக்காவின் விரல் இருந்த பக்கமாக விரிந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, காலில் கட்டியிருந்த சீட்டைப் படித்துச் சொல் என்று அம்மா என்னைக் கேட்கவில்லை.

அந்தச் சத்தம் பிள்ளையைப் பிழைக்க வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை அவனுக்கு மூச்சு நின்றது. ஓடிவந்து காலைச் சுண்டியவர்கள் அந்தத் தாதிகள்தான். ஆனால் அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் போனாள். அவள் போன நாட்களில் அவன் பாலை வாந்தி எடுக்காமல் தூங்கினான் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தது. மார்ச் மாதம் இரண்டு கிலோவைத் தாண்டி வீட்டுக்கு வந்தான். இப்போது மூன்று வயது. லயத்தில் அவனைவிடச் சத்தம் போடும் பிள்ளை கிடையாது.

நான் இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். பயிற்சிக்கு அனுப்பும் பள்ளிகளில், திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளையைக் கண்டால் என் வாய் முந்திக்கொண்டு அந்த வரியை அழகாகப் படித்துக் காட்டப் போகும். சில நாள் அடக்கிக்கொள்கிறேன். சில நாள் முடிவதில்லை. மற்றவர்கள்மேல் சந்தேகப்படும் குணமும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அன்று என்னை யாரும் சந்தேகப்படவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. எல்லாரும் நம்பி ஒப்படைத்த ஒரே ஆள் நான், அழித்தவளும் நான். அக்கா இன்றுவரை ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் நானாகவே அதை அவ்வப்போது சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.